நாம் செய்வித்த துப்பாக்கி

கடையில் இருக்கும் பொருளை வாங்குவது வேறு, சொல்லிச் செய்வித்து வாங்குவது வேறு. கடைப் பொருளைக் கண்ணாற் பார்க்கிறோம். கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்கிறோம். பிடித்தாற் பணத்தைக் கொடுக்கிறோம். சொல்லிச் செய்விக்கும் பொருளோ, முற்பணம் கொடுக்கும் வேளையில் எமது மனத்தில் மட்டுமே இருக்கிறது. அதை அப்படியே செய்பவரின் மனத்துக்கு மாற்றிவிட்டோம் என்று நம்பிக்கொண்டு வீடு திரும்புகிறோம். பண்டிகைக்குத் தைக்கக் கொடுத்த சட்டை தோளில் இறுகுவதும், கல்யாணத்துக்குச் சொல்லிவைத்த காப்பு மணப்பெண்ணின் கையில் ஏற மறுப்பதும், அளவு கொடுத்துச் செய்வித்த அலுமாரி வாசலுக்குள் நுழையாமல் நிற்பதும் வாசகர் வீடுகளில் நடவாத செய்திகள் அல்ல. எமக்கு அந்த அனுபவம் ஒரு துப்பாக்கியின் வடிவில் வந்து வாய்த்தது.

துப்பாக்கி என்றதும் நேயர்கள் அஞ்சவேண்டாம். அது சுடாத துப்பாக்கி. சுடவே முடியாதபடி சொல்லிச் செய்விக்கப்பட்டது. கண்டி அரசர் காலத்துத் துப்பாக்கி ஒன்றின் மாதிரி. அதனை நாம் ஏன் செய்வித்தோம், எங்ஙனம் ஏமாந்தோம், ஏமாந்ததில் எமது பங்கு எவ்வளவு என்பதைச் சொல்வதே எமது நோக்கம்.

எம் தந்தையார் கண்டி மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் 31 ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். இப்போது வயது 82. வெறுங்கையோடு வகுப்புக்குள் நுழையும் வழக்கம் அவருக்கு இருந்ததில்லை. ஒருநாள் ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசு. ஒருநாள் உடைந்த கூரை ஓடு. ஒருநாள் யாரோ வீட்டுப் பரணிற் கிடந்த ஏட்டுச் சுவடி. பிள்ளை கையாற் தொட்ட பொருளை மறக்காது என்பது அவருடைய கொள்கை. அவர் கற்பித்த பாடசாலையில் அண்மையில் ஒரு சிறு வரலாற்று அறை அமைத்தார்கள். அதற்கு ஏதேனும் ஒன்று தாம் கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை.

2023ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், நெதர்லாந்து நாடு இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்த ஆறு அரும்பொருள்கள் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படைகள் கண்டி அரண்மனையிற் புகுந்து அள்ளிச் சென்றவற்றுட் சில அவை. லெவ்கே திசாவையின் பீரங்கி என்று பெயர் பெற்ற, பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் இழைத்த சிறு பீரங்கி அவற்றுள் முதன்மையானது. வாள்கள் இரண்டும், கத்தி ஒன்றும், ‘மகா துவக்கு’ எனப்படும் பெருந் துப்பாக்கிகள் இரண்டும் உடன் வந்தன. பத்திரிகையில் இச்செய்தியை வாசித்த நாள் முதல் தந்தையார் எம்மைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவரைப் புகையிரதத்தில் கொழும்புக்கு அழைத்துச் சென்றோம்.

பீரங்கியின் முன்னாற் கூட்டம் நின்றது. தந்தையாரும் பார்த்தார், வியந்தார். ஆயினும் அவர் நெடுநேரம் நின்றது அங்கேயன்று. கண்டிப் போர்வீரன் தோளிற் சுமந்த நீண்ட துப்பாக்கி ஒன்றின் முன்னாலேயே நின்றார். அதன் அடிக்கட்டை நுனியில் இரண்டாகப் பிளந்து, இரு கிளைகளும் சுருண்டு நிற்கும். குழலிலே கொடிப்பின்னல் செதுக்கி வெள்ளி பதித்திருப்பார்கள். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் விசைப்பொறி, பிறநாட்டுத் துப்பாக்கிகளிற் போலன்றி, பெரும்பாலும் இடது புறத்தில் அமைந்திருக்கும். போர்த்துக்கேயர் வந்த பின்னரே இத்தகைய கருவியை இத்தீவார் அறிந்தனர். அறிந்த சில தலைமுறைகளுக்குள் வந்தவர்களே மெச்சும்படி செய்யவும் கற்றனர். கோவாவில் வாழ்ந்த ஒல்லாந்தரான லின்ஸ்கோத்தன், 1596இல் வெளிவந்த தமது நூலில் இத்தீவில் ஆக்கப்படும் துப்பாக்கிக் குழல்களைப் புகழ்ந்திருக்கிறார். 1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயர் படை அழிந்தபோது, எதிர்த்து நின்றவர்கள் வில்லும் வேலும் மட்டும் ஏந்தியவர்கள் அல்லர்.

“இதனைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் போதாது, தம்பி. இப்படி ஒன்றை எங்கள் பிள்ளைகள் கையிலே தூக்கிப் பார்க்கவேண்டும்” என்றார் தந்தையார்.

அசலை வாங்க எமக்கு வழியும் இல்லை, உரிமையும் இல்லை. எனவே மாதிரி ஒன்று செய்விப்பதென்று முடிவு செய்தோம்.

இந்நாட்டில் அது எளிய காரியமன்று. உரிமம் இன்றிச் சுடுகலன் செய்வதும் வைத்திருப்பதும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி குற்றம். ஆதலால் குழல் உருக்கு இரும்புத் தண்டாகவே இருக்கவேண்டும், வாயில் மட்டும் இரண்டங்குலம் குடையவேண்டும், கல்லுக்குப் பதில் மரத்துண்டு வைக்கவேண்டும் என்று தீர்மானித்து, பொலிஸ் நிலையத்திலும் எழுத்திற் தெரிவித்தோம். அதிபருக்கும் தயக்கம் இருந்தது. 2009 வரை இந்நாடு கண்ட போரை நினைத்து, “பாடசாலைக்குள் துப்பாக்கியா, ஐயா?” என்று அவர் கேட்டார். அவருடைய தயக்கத்தில் நியாயம் இருந்தது. தந்தையார் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “பிள்ளைகள் துப்பாக்கியைப் படத்திலே விளையாட்டுப் பொருளாகப் பார்க்கிறார்கள். அதன் பாரத்தைத் தோளிலே அறியட்டும். யாரோ ஒருவன் இதைச் சுமந்துகொண்டு மலை ஏறினான் என்பதை அறியட்டும்” என்றார். அதிபர் இசைந்தார்.

கண்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்திலே, பரம்பரையாக இரும்பும் பித்தளையும் வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார் என்று அறிந்து சென்றோம். அவர் சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். ஊரார் அழைப்பது போல நாமும் அவரைப் பாஸ் என்றே அழைத்தோம். பழைய சஞ்சிகை ஒன்றிலிருந்து கத்தரித்த வர்ணப்படத்தைக் கொடுத்தோம். நெதுன் மரத்தில் கட்டை, இரும்புத் தண்டில் குழல், யானைத் தந்தத்துக்குப் பதிலாக மாட்டெலும்பு, மெல்லிய வெள்ளிக் கம்பியிற் கொடிவேலை என்று பேசினோம். விலை 95,000 ரூபா, முற்பணம் 60,000, தவணை இரண்டு மாதம். கொப்பித் தாள் ஒன்றிலே முற்பணத் தொகையை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். மிக்க மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்.

சொன்ன நாளிற் பொருள் வந்தது. அஃது ஒரு போயா தினம். தந்தையார் குளித்து, வெள்ளை வேட்டி உடுத்து, கூடத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். சாக்கைப் பிரித்துத் துப்பாக்கியை எடுத்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது. பிளந்து சுருண்ட அடிக்கட்டை, நீண்ட குழல், வெள்ளை வெள்ளையாய்ப் பதிவேலை. எமது நெஞ்சு நிமிர்ந்தது. அதனைத் தந்தையாரின் மடியில் வைத்தோம்.

அவர் பார்வை மங்கியவர். எழுத்துப் படிக்க வேண்டுமானால் பூதக்கண்ணாடி வேண்டும். ஆனால் விரல்கள் மங்கவில்லை. அடிக்கட்டையிலிருந்து தொடங்கி மெல்லத் தடவிக்கொண்டு போனார். நாம் பக்கத்தில் நின்று, அவர் முகத்திலே மலர்ச்சியை எதிர்பார்த்தோம்.

முதலில் அவர் தம் கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கை கறுத்திருந்தது. வேட்டியிலும் ஒரு கரிய கோடு. நெதுன் மரம் என்று நாம் நம்பிய கட்டை, சப்பாத்து மைபோன்ற ஏதோ ஒன்றைப் பூசிய இறப்பர் மரம். பிறகு ஒவ்வொன்றாக வந்தன. வெள்ளைப் பதிவேலை எலும்பன்று. தண்ணீர்க் குழாய்ப் பிளாஸ்திக்கை வெட்டிப் பசை தடவி ஒட்டியிருந்தது. நகம் பட்டதும் ஒரு துண்டு தரையில் விழுந்தது. குழலிற் கொடிவேலை இல்லை. வெள்ளி நிற வர்ணம் இருந்தது. குழலின் வாயை விரலாற் சுற்றினார். உள்ளே திருகு மரை! எமது குழல், இரும்புத் தண்டன்று, கிணற்று நீர் இறைக்கும் குழாய். நல்லவேளையாக அதன் உட்புறத்தை இரும்புக் கட்டியால் அடைத்து ஒட்டியிருந்தார்கள். இல்லையேல் பொலிஸ் நிலையத்துக்கு நாம் கொடுத்த கடிதமே பொய்யாகியிருக்கும்.

“இடிகோலை எடு, தம்பி” என்றார்.

குழலுக்குள் மருந்தையும் குண்டையும் இட்டு இடித்து இறுக்குவதற்கான கோல் அது. கட்டையின் கீழ்ப்புறத்து வழியிலே செருகியிருக்கும். இழுத்தோம். வரவில்லை. இரண்டு ஆணிகளால் அறையப்பட்டிருந்தது.

“மருந்துக் கிண்ணி எங்கே? தீத்துளை எங்கே?”

விசையை அழுத்தியதும் கல் உருக்கிலே உரசும். பொறி கிண்ணியிலுள்ள மருந்திலே விழும். அந்தத் தீ குழலின் பக்கத்திலுள்ள சிறு துளை வழியே உள்ளே பாயும். அக்காலத்துத் துப்பாக்கி வேலை செய்த முறை இதுதான். கிண்ணியும் துளையும் ஒட்டியிருந்தாலன்றித் தீ பாயாது. எமது துப்பாக்கியிலோ கிண்ணி ஓரிடம். துளை என்று வைத்த கரும்புள்ளி இரண்டங்குலம் தள்ளி வேறோரிடம்.

இறுதியாக, விசைப்பொறி முழுவதும் வலது புறத்தில் இருந்தது.

தந்தையார் விரல் விட்டு எண்ணினார். மரம், எலும்பு, வெள்ளி, குழல், கோல், துளை, பொறி. ஏழு பிழைகள். கோபப்படவில்லை. “இதனைப் பாடசாலையில் வைக்க முடியாது. புத்தகத்தில் பிழை இருந்தால் ஆசிரியர் திருத்துவார். சுவரிலே தொங்கும் பிழையை யார் திருத்துவார்?” என்று சொல்லி, கை கழுவ எழுந்து போனார். எமது மனைவி அந்த வேட்டியைத் தேசிக்காயும் சவர்க்காரமும் இட்டு மூன்று முறை தோய்த்தும் கறை போகவில்லை.

கோபமெல்லாம் எமக்குத்தான். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதுவதென்று தாளும் பேனாவும் எடுத்து அமர்ந்தோம். தந்தையார் கை துடைத்துக்கொண்டே வந்து, “என்ன எழுதப்போகிறாய்?” என்றார். நெதுன் மரம் என்று சொல்லி இறப்பர் மரம் தந்ததை எழுதப்போவதாகச் சொன்னோம். “நெதுன் என்று எந்தத் தாளில் இருக்கிறது?” என்றார். கொப்பித் தாளை எடுத்துப் பார்த்தோம். தொகை இருந்தது, தேதி இருந்தது, கையொப்பம் இருந்தது. மரத்தின் பெயரோ, எலும்போ, வெள்ளியோ, தண்டோ அதில் இல்லை. பேனாவை மூடினோம்.

அடுத்த சனிக்கிழமை துப்பாக்கியைச் சாக்கிற் சுற்றிக்கொண்டு புறப்பட்டோம். தந்தையார் தாமும் வருவேன் என்று பிடிவாதமாக நின்றார்.

பட்டறையிலே உலை அணைந்திருந்தது. பாஸ் எம்மைக் கண்டதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மீதிப் பணத்தை வாங்கியபோது இருந்த சிரிப்பு இப்போது இல்லை. ஏழு பிழைகளையும் நாம் உரத்த குரலில் அடுக்கினோம். ஐந்து பிழைகளுக்கு அவர் வாய் திறக்கவில்லை. ஆறாவதாகத் தீத்துளையைச் சொன்னபோது, “படத்தில் அந்த இடம் நிழலாக இருந்தது, மாத்தயா” என்றார். ஏழாவதாக விசைப்பொறியைச் சொன்னபோதுதான் நிமிர்ந்தார்.

“அதனை நான் உங்களிடம் கேட்டேனே!”

எமக்கு நினைவு வரவில்லை. அவர் நினைவூட்டினார். வேலை தொடங்கிய மூன்றாம் வாரம், ஒருநாட் காலை, அவர் எம்மைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். படத்திலே பொறி இடது புறம் இருக்கிறது. தாம் அறிந்த துப்பாக்கிகளில் எல்லாம் வலது புறந்தான். அச்சடித்தவர்கள் படத்தைத் தலைமாறிப் போட்டுவிட்டார்களோ என்று கேட்டிருக்கிறார். நாம் அப்போது அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் நெருக்குண்டு நின்றிருக்கிறோம். “உங்களுக்குத் தெரிந்தபடி செய்யுங்கள், பாஸ்” என்று சொல்லி வைத்துவிட்டோம். அவர் தமக்குத் தெரிந்தபடி செய்தார். படத்தைத் திருத்துவதாக எண்ணி, சரியானதைப் பிழையாக்கினார்.

தந்தையார் எம்மைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அதன்பின் பாஸ் தாமாகவே பேசினார். முற்பணம் வாங்கிய பிறகு நெதுன் பலகைக்கு விசாரித்ததாகவும், தாம் கணக்கிட்டதைவிட அதன் விலை இருமடங்கு இருந்ததாகவும், திரும்ப வந்து கூடுதலாகக் கேட்க வெட்கப்பட்டதாகவும் சொன்னார். 2019இன் குண்டுவெடிப்புகள், அதன்பின் பெருந்தொற்று, 2022இன் பொருளாதார நெருக்கடி ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்ததில் உல்லாசப் பயணிகள் வராமற் போய், அவரிடம் வேலை பழகிய இரு பையன்களும் விலகிவிட்டார்கள். ஒருவன் தைத்த ஆடைத் தொழிற்சாலைக்கு, மற்றவன் வெளிநாட்டுக்கு. வெள்ளிக் கம்பி பதிக்கும் கை அந்த இரண்டாமவனுடையது. இவற்றையெல்லாம் முன்னமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டோம். “சொன்னால் வேலை கைவிட்டுப் போய்விடும், மாத்தயா” என்றார். அஃது உண்மை. நாம் வேறொருவரைத் தேடிப் போயிருப்போம்.

தந்தையார் இந்த உரையாடலைக் கேட்டுக்கொண்டே பட்டறை மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். கையில் ஏதோ அகப்பட்டது. எடுத்தார். ஒரு பாக்குவெட்டி. திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஓசையே இல்லை. இரு அலகுகளும் நூல் நுழைய இடமின்றிப் பொருந்தின. கைப்பிடியின் நுனியிலே சிறியதொரு அன்னம்; அதன் கழுத்து வளைவு பெருவிரலுக்கு இதமாகப் பொருந்தியது.

“இதைச் செய்தவர் யார்?”

“நான்தான், மாத்தயா. என் தாய்க்கு.”

“இதை இவ்வளவு நேர்த்தியாகச் செய்தவர் அதை ஏன் அப்படிச் செய்தீர்?”

பாஸ் சிறிது யோசித்தார். “பாக்குவெட்டி எதற்கு என்று எனக்குத் தெரியும். என் தாய் தினமும் பாக்கு வெட்டுகிறாள், பிசகினால் ஏசுவாள். இந்தத் துவக்கு எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நான் ஒன்றையும் கண்ணாற் கண்டதுமில்லை. சுவரில் மாட்டத்தானே என்று நினைத்தேன்.”

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலைத் தந்தையார் பலமுறை வாசித்தவர். கண்டி அரசிலே கைவினைஞர்கள் தம் ஊழியத்துக்காக நிலம் பெற்று வாழ்ந்த முறையை அதில் அவர் விரித்துரைத்திருக்கிறார். அதனைத் தந்தையார் பாஸுக்கு எடுத்துச் சொன்னார். பாஸ் கேட்டுவிட்டு, “அரசன் வயல் கொடுத்தான். இந்த மாத்தயா இரண்டு மாதம் கொடுத்தார்” என்று எம்மைக் காட்டிச் சொன்னார். மூவரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்போடு வழக்குத் தீர்ந்தது என்று சொல்லமாட்டோம். ஏமாந்த பணத்தின் எரிச்சல் அப்படி எளிதில் ஆறுவதில்லை. ஆனால் அதன் பிறகு அவர்மேல் முழுக் குற்றத்தையும் சுமத்த எம்மால் முடியவில்லை. அவர் எமக்குச் சொல்லாமல் மரத்தை மாற்றினார். அது பிழை, அதை அவரும் ஒப்புக்கொண்டார். நாமோ அவர் கேட்ட ஒரே கேள்விக்கு மறுமொழி சொல்லவில்லை.

“கொழும்புக்கு வருகிறீரா?” என்று தந்தையார் அவரைக் கேட்டார்.

மூவரும் ஒருநாள் அதிகாலைப் புகையிரதத்திற் போனோம். பாஸ் தமது வாழ்நாளில் அருங்காட்சியகத்தினுள் நுழைந்தது அதுவே முதல் தடவை. பாட்டன், முப்பாட்டன் செய்த தொழிலின் சிறப்பைப் பார்க்க, அவர் வீட்டிலிருந்து இத்தனை தூரம் வரவேண்டியிருந்தது. கண்ணாடிப் பெட்டியின் முன்னாற் குனிந்து நின்றார். வலப்பக்கம் போய்ப் பார்த்தார். இடப்பக்கம் வந்து பார்த்தார். தரையிற் குந்தியிருந்து கீழிருந்து பார்த்தார். காவலர் ஒருவர் ஐயுற்று அருகே வந்துவிட்டார். சாண் போட்டு அளப்பதுபோல் கையைக் காற்றிலே விரித்து விரித்து மடக்கினார். வெகுநேரத்துக்குப் பிறகு எழுந்து, “படம் சரிதான்” என்று மட்டும் சொன்னார்.

இம்முறை தாளிலே எல்லாவற்றையும் எழுதினோம். மரம் நெதுன், விலை ஏறினால் அதற்குரிய பற்றுச்சீட்டு. குழல் தண்டிரும்பு. பதிவேலை எலும்பு. வெள்ளிவேலை தம்மால் இயலாதென்று பாஸ் வெளிப்படையாகச் சொன்னார். ஆதலால் கொடிப்பின்னலைச் செதுக்கி மட்டும் விடுவதென்று எழுதினோம். கூடுதலாக 25,000 ரூபா நாம் கொடுப்பது. தமது கூலியில் ஒரு பகுதியை அவர் விட்டுக்கொடுப்பது. தவணை என்ற இடத்தை வெறுமையாக விட்டோம். மரத்தை வெட்டுமுன் ஒருமுறை, பொறியைப் பூட்டுமுன் ஒருமுறை நாம் நேரிற் போய்ப் பார்த்தோம். ஐந்து மாதம் சென்றது.

இரண்டாவது துப்பாக்கி அசலுக்கு ஈடானதன்று. செதுக்கிய கொடியிலே உயிரோட்டம் குறைவு. எலும்புப் பதிவு ஓரிரு இடங்களில் விளிம்பு தாழ்ந்திருக்கிறது. ஆயினும் பொறி இடது புறம் இருந்தது. கிண்ணி துளையோடு ஒட்டி நின்றது. இடிகோல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. தந்தையாரின் வேட்டி வெள்ளையாகவே இருந்தது. அவர் அதனைத் தடவி முடித்து, “இதனைக் கொண்டுபோகலாம்” என்றார். எமக்கு அதற்கு மேல் ஒரு பாராட்டுத் தேவைப்படவில்லை.

முதலாவதை என்ன செய்வது? எரித்துவிடலாம் என்றோம் நாம். தந்தையார் சம்மதிக்கவில்லை. வரலாற்று அறையிலே இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைக்கச் செய்தார். முதலாவதன் கீழே தம் கையெழுத்தில் ஓர் அட்டை: “இது பிழையான மாதிரி. இதில் ஏழு பிழைகள் உள்ளன. பக்கத்திலுள்ளதோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கவும்.”

அந்த அட்டை செய்த வேலை, பொன் பதித்த பீரங்கியும் செய்யாத வேலை. இடைவேளையிற் பிள்ளைகள் அங்கே கூடினார்கள். ஒருவன் மையைக் கண்டுபிடித்தான், மற்றொருவன் ஆணியை. தீத்துளையைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அதைக் கண்டுபிடித்த பிள்ளை துப்பாக்கி வேலை செய்யும் முறையையும் தானாகவே அறிந்துகொண்டது.

பிறகு ஒருநாள், எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி, தந்தையார் பாடசாலைக்கு வந்திருந்தபோது அவரிடம் போய், “ஐயா, எட்டாவது பிழை இருக்கிறது. ஆனால் அது நல்ல துப்பாக்கியில் இருக்கிறது” என்றாள். இரண்டாவது துப்பாக்கியின் இடிகோலை உருவி எடுத்துக் குழலுக்குப் பக்கத்தில் நீட்டிக் காட்டினாள். கோல் குழலைவிட ஒரு சாண் குட்டை. “இது அடிவரைக்கும் எட்டாதே, ஐயா. குண்டை எப்படி இறுக்குவது?”

தந்தையார் விரலால் இரண்டையும் அளந்தார். அவள் சொன்னது சரி. அருங்காட்சியகத்தில் நின்ற மூவரும், பட்டறைக்கு நடந்த நாமும், ஐந்து மாதம் உழைத்த பாஸும் அதனைக் காணவில்லை.

அன்றிரவே பாஸுக்குத் தொலைபேசியிற் சொன்னோம். மறுமுனையிற் சிறிது நேரம் சத்தமில்லை, பிறகு பெருஞ்சிரிப்பு. அடுத்த வாரம் தாமே வந்து துப்பாக்கியை எடுத்துச் சென்றார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, “கேட்டது நீங்கள் அல்லவே, அந்தப் பிள்ளை. பிள்ளையிடம் எப்படிக் காசு வாங்குவது?” என்றார்.

நான்காம் நாட் காலை, நாம் அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் நெருக்குண்டு நிற்கையில், தொலைபேசி ஒலித்தது. கோலை நீட்டினால் கட்டையின் உட்புற வழியையும் ஒரு சாண் குடையவேண்டும். குடையும்போது பொறியைத் தாங்கும் மரம் மெலிந்துவிடுமோ என்று பார்க்கவேண்டும். என்ன செய்வது என்று பாஸ் கேட்டார்.

“வெட்டவேண்டாம், பாஸ். நாளை நாம் வருகிறோம்” என்றோம்.